தற்செயலுக்காகக் காத்திருந்தவர்

சங்வியனுக்குப் புதுக் காபிக்கடைகளைப் பிடிக்காது. காபி பிடிக்காது, நாற்காலி பிடிக்காது, யாரோ தூக்கத்தில் முனகுவது போல அங்கே ஓடிக்கொண்டிருக்கும் பாட்டு சுத்தமாகப் பிடிக்காது. ஆனால் பத்தியூவுக்கு வடக்கேயும் தெற்கேயும், தாய்லாந்தின் சும்போன் கடற்கரையில் எந்தக் கடை திறந்தாலும் முதல் சனிக்கிழமையே சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு போய் உட்கார்ந்துவிடுகிற ஆள் அந்த வட்டாரத்தில் அவர் ஒருவர்தான்.

கடைகளுக்கும் பஞ்சமில்லை. இறால் வளர்ப்பில் கையைச் சுட்டுக்கொண்டவர்கள் எல்லாரும் காபியில் குதித்த காலம் அது. ஒருவர் இறால் குஞ்சு பொரிக்கும் தொட்டிகளுக்கு வெள்ளையடித்து, மேலே குமிழ் குமிழாகக் கூரை போட்டு, கிரேக்கத் தீவு என்றார். நண்பகலில் அந்த வெள்ளைச் சுவருக்கு நடுவே உட்கார்ந்தால் கண் அவிந்துபோகும். இன்னொருவர் மணலில் சிவப்பு வளைவு நட்டு ஜப்பான் என்றார். மூன்றாமவர் கடலுக்குள் கழி ஊன்றி ஊஞ்சல் கட்டினார். நீர் ஏறியிருக்கும்போது அழகுதான். இறங்கிவிட்டால் நடுச்சேற்றில் ஊஞ்சல் நிற்கும், அதில் ஒரு பெண் கணுக்கால் வரை சேறோடு சிரித்துக்கொண்டிருப்பாள். கடைசியாக வந்த ஒன்றில் நாற்காலியே கிடையாது, வெறும் சிமெண்டுக் கட்டைகள். கட்டட வேலை இன்னும் முடியவில்லை போலிருக்கிறது என்று சங்வியன் திரும்பிப் போகப் பார்த்தார். எல்லாம் முடிந்துவிட்டது, அதுதான் அழகு என்று உள்ளே அழைத்துப் போனார்கள்.

ஊருக்குப் பின்னால் இருக்கிற மலையெல்லாம் காபிதான். லாரி லாரியாக இறங்கி, சுடுதண்ணீரில் கலக்குகிற தூள் செய்கிற ஆலைக்குப் போய்விடும். கடற்கரைக் கடைக்காரர்கள் வடக்கே மியான்மர் எல்லை மலையிலிருந்தோ ஆப்பிரிக்காவிலிருந்தோ கொட்டை வரவழைத்தார்கள். கல்லாவில் நின்ற பெண் ஒருத்தி, "மாமா, உங்களுக்குப் புளிப்பா வேணுமா, பழ வாசனையா வேணுமா?" என்று கேட்டபோது சங்வியன் கொஞ்ச நேரம் யோசித்தார்.

"காபி வாசனையா இருந்தா போதும்மா."

அவள் அதை நல்ல நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டு புளிப்பாகவே கொடுத்தாள்.

மீன்பிடித் துறையில் இருந்த ஐஸ் ஆலையில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். கணவாய் மீன் படகுகள் கிளம்புவதற்கு முன் பாளம் பாளமாக ஐஸ் அறுத்துக் கொடுத்தே தலை நரைத்தது. மனைவி சம்ரான் இறந்த பிறகு காலைகளை எல்லாம் சந்தையில் கோ லியாங்கின் பழைய காபிக்கடையில் கழித்துவந்தார். துணிப்பையில் வடித்த கறுப்புக் காபி, அடியில் கட்டிப்பால், காபி தீர்ந்ததும் கேட்காமலே வருகிற இலவசத் தேநீர். அந்தத் தேநீர் ஆறுவதற்குள் கிழவர்கள் ஓர் அரசாங்கத்தைக் கவிழ்த்து இன்னொன்றை அமைத்துவிடுவார்கள். அப்படிப்பட்ட இடத்தை விட்டுவிட்டு, சனி ஞாயிறுகளில் வாசனைச் சோப்புப் போட்டுக் குளித்து, குமரிப் பெண்கள் படம் பிடிக்கிற இடத்துக்கு ஒருவர் போனால் நண்பர்கள் என்ன நினைப்பார்கள்?

நினைத்ததோடு நிறுத்தவில்லை. பழைய படகுக்காரர் மானொப் நேரிலேயே கேட்டார். "யாருடா அந்தப் பொம்பளை? எங்களுக்கும் ஒரு தரம் காட்டு. பயப்படாதே, எங்களைப் பார்த்தா அவளுக்கு உன்மேல மரியாதைதான் கூடும்."

சங்வியன் மறுக்கவில்லை. பெண் இருக்கிறாள் என்பது பொய் இல்லையே. கோ லியாங் மட்டும், தன் காபி திடீரென்று கசக்க ஆரம்பித்துவிட்டதா என்று மனத்தாங்கலாகக் கேட்டார். அறுபது வருஷமாகக் கசப்புக்குப் பேர்போன கடை அது.

பெண் என்பது நிசரா, சங்வியனின் ஒரே மகள். பாங்காக்கில் இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலை. வாரம் முழுக்க மற்றவர்களுக்கு வரப்போகிற விபத்துகளைக் கணக்குப் போடுவாள். நீண்ட விடுமுறை வந்தால் தோழிகளோடு காரில் கிளம்பி ஏதாவது ஒரு கடற்கரையில் கடை கடையாக ஏறி இறங்கி, படம் எடுத்து, போனில் எல்லாரும் பார்க்கும்படி போடுவாள். அவள் தலைமுறையில் பாதிப் பேருக்கு அதுதான் ஓய்வு. ஒரு நாள் அந்தப் படங்களைத் தள்ளிக்கொண்டே போன சங்வியனின் விரல் ஒரு படத்தில் நின்றது. பச்சைப் பானம் ஒன்றைப் பிடித்திருக்கும் கை மட்டும்தான் அதில் இருந்தது. கைக்குப் பின்னால், கூன் போட்டு உட்கார்ந்த கிழவி மாதிரி ஒரு தீவு. ஐஸ் ஆலை வாசலில் நின்று தினமும் அவர் பார்த்த தீவு அது. மகள், அவர் வீட்டிலிருந்து ஸ்கூட்டரில் ஒரு பாட்டு முடிவதற்குள் போய்விடக்கூடிய தூரத்துக்கு வந்து, காபி குடித்துவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறாள்.

அடுத்த விடுமுறையிலும் வந்தாள். அதற்கடுத்த விடுமுறையிலும்.

அப்பாவுக்கும் மகளுக்கும் சண்டை என்று ஒன்று நடந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். சண்டை போட்டவர்கள் சமாதானம் ஆகலாம். சண்டையே போடாதவர்கள் எதைச் சொல்லிச் சமாதானம் ஆவது? பிறருக்குச் சிரமம் கொடுக்கக்கூடாது என்பது அந்தப் பக்கத்தில் எல்லா வீட்டுக்கும் பொதுவான குணம்தான். சங்வியன் வீட்டில் அது மதத்துக்கு ஒரு படி மேலே இருந்தது. பௌத்தத்திலாவது எப்போதாவது கொஞ்சம் தளர்வு உண்டு.

அவள் கடைசியாக வீட்டுக்கு வந்தபோது நடந்தது இவ்வளவுதான். தானே வந்துவிடுவதாக அவள் சொல்லியும், யார் யாரையோ கேட்டு ஒரு காரை இரவல் வாங்கிக்கொண்டு இவர் ஸ்டேஷனுக்குப் போய் நின்றார். அவள் அறைக்கு ஏசி மாட்டியிருந்தார். விடியுமுன் துறைக்குப் போய் நண்டு வாங்கி வந்தார். கூடையைத் தூக்கும்போது இடுப்பு பிடித்துக்கொண்டதை மறைப்பதற்காக நாள் முழுக்க நின்றுகொண்டே இருந்தார். நிசரா பார்த்தாள். தன்னால் அப்பாவுக்கு எவ்வளவு கஷ்டம் என்று நினைத்து, ஏதோ வேலை வந்துவிட்டதாகச் சொல்லி ஒரு நாள் முன்னாலேயே கிளம்பினாள். ஊர் அவளுக்குச் சலித்துவிட்டது என்று எடுத்துக்கொண்ட சங்வியன், மெனக்கெட்டு அடிக்கடி வரவேண்டாம் என்று பெருந்தன்மையாகச் சொன்னார். தான் வருவது அவரைக் களைப்பாக்குகிறது என்று அவள் புரிந்துகொண்டாள். இருவருமே மிகவும் அன்பானவர்கள். அதன் பிறகு, தினமும் காலையில், அந்த ஊர் வழக்கப்படி அந்தந்தக் கிழமைக்குரிய நிறத்தில் ஒரு பூப்படத்தை இவர் போனில் அனுப்புவார். கைகூப்பும் பூனை ஒன்றை அவள் திருப்பி அனுப்புவாள். குடும்பம் அந்த அளவில் நடந்துகொண்டிருந்தது.

இங்கே வந்தாயாமே என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால், தெரியும் என்று ஆகிவிடும். தெரியும் என்றானால் அவளுக்குத் தலைகுனிவு. தலைகுனிவைவிடப் பெரிய சிரமம் உண்டா? ஆகவே, யார்மேலும் பாரம் விழாமல் இருக்கவேண்டுமானால் தற்செயலாகத்தான் சந்திக்கவேண்டும் என்ற முடிவுக்குச் சங்வியன் வந்தார். தற்செயலுக்கு உழைக்க ஆரம்பித்தார்.

ஒரு கடைக்கு ஒரு தடவைதான். அந்தப் பெண்கள் படமெடுத்த இடத்தில் இன்னொரு முறை கால் வைப்பதில்லை, அதே சுவரை இரண்டு தரம் யார் பார்ப்பார்கள்? அதனால் பழைய கடைகளில் உட்கார்ந்து பிரயோஜனமில்லை. புதிதாகத் திறப்பவற்றில், விடுமுறை நாட்களில், வாசல் தெரிகிற மூலையில். என்ன சொல்லவேண்டும் என்பதும் தயாராக இருந்தது. "அட, நீயா!" அவ்வளவுதான். ஆனால் அந்த 'அட' சரியாக விழவேண்டும். குளியலறையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே பல விதமாகச் சொல்லிப் பார்த்தார். ரொம்ப ஆச்சரியப்பட்டால் நடிப்பு தெரியும். குறைவாகப் பட்டால் எதிர்பார்த்தது தெரியும்.

மகள் அகப்படவில்லை. அவர் திங்கட்கிழமை பார்க்கும்போது, சனிக்கிழமை வேறொரு கடையில் அவள் எடுத்துக்கொண்ட படம் வந்திருக்கும். இதற்குள் கடைக்காரர்களுக்குச் சங்வியன் பிடித்துப்போனார். வெளுத்த சட்டை, நரைத்த தலை, ஜன்னலோரம் கையில் ஒரு கோப்பை. ஆயிரம் பூந்தொட்டி வைத்தாலும் வராத களை அந்த மூலைக்கு வந்துவிடுகிறது என்று கிரேக்கத் தீவுக்காரர் சொன்னார். முன்பின் தெரியாதவர்களின் படங்களில் அவர் பின்னணியில் இருந்தார். புதிதாகக் கடை திறப்பவர்கள் அவருக்குச் சொல்லி அனுப்பினார்கள். ஜிராபாவும் அப்படித்தான் சொல்லி அனுப்பினாள். பாங்காக்கில் வங்கி வேலையை விட்டுவிட்டு வந்து, கடலுக்குள் நீட்டிக்கொண்டிருந்த பாறைமுனையில் நாலு பக்கமும் கண்ணாடி வைத்துக் கடை கட்டியிருந்தாள். வெளியே இருந்து பார்த்தால் மீன்தொட்டி.

நீண்ட விடுமுறையின் முதல் நாள். சங்வியன் மூலை மேசையில் இருந்தார். வெள்ளைக் கார் ஒன்று வந்து நின்றது. நாலு பெண்கள் இறங்கினார்கள். அகலமான வைக்கோல் தொப்பி போட்டிருந்தவள் நிசரா.

'அட' தொண்டை வரைக்கும் வந்துவிட்டது.

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தவள் அவரைப் பார்த்தாள். முதலில் அந்த முகம் மலர்ந்தது. அதில் அவருக்குப் பிற்பாடும் சந்தேகம் வரவில்லை. அடுத்த நொடி, அடுப்பை அணைக்காமல் வந்துவிட்டது நினைவுக்கு வந்தவளைப் போல ஆகிவிட்டது. பக்கத்தில் நின்ற தோழிகளைப் பார்த்தாள். மறுபடி அவரைப் பார்த்தாள். சங்வியன் 'அட'வை விழுங்கி, அதன்மேல் புளிப்புக் காபியையும் ஒரு வாய் ஊற்றினார்.

தோழிகளில் குட்டை முடிக்காரி ஒருத்தி, பிம் என்று பெயர், நேராக அவரிடம் வந்தாள். "அங்கிள், தப்பா நெனச்சுக்காதீங்க. கொஞ்சம் அந்தப் பக்கம் நகர்ந்து உக்காந்துக்கறீங்களா? எங்க படத்துல கடல் தெரியணும்."

"அதுக்கென்னம்மா," என்று கோப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

வயசானவரை எழுப்பிவிட்டோமே என்று பிம்முக்கு உறுத்தியிருக்கவேண்டும். நல்ல பெண். சமாதானமாகப் பேச்சுக் கொடுத்தாள். "இவகூட இந்தப் பக்கத்துக்காரிதான் அங்கிள், இந்தத் தொப்பிக்காரி. ஆனா இப்ப இவளுக்கு இங்க யாரும் இல்ல. எல்லாரும் வடக்கே போயிட்டாங்களாம்."

"அப்படியா," என்றார் சங்வியன்.

"இருந்திருந்தா விட்டிருப்போமா? நேரா அங்கதான் போய் இறங்கியிருப்போம். நாங்க நாலு பேரும் சாப்பாட்டு ராமிங்க. ஒரே நாள்ல அவங்க வீட்டு அரிசிப் பானையைக் காலி பண்ணியிருப்போம்."

நிசரா தொப்பியைக் கழற்றி, அதன் உட்பக்கத்தில் ஏதோ எழுதியிருப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சங்வியனுக்கு முழுவதும் விளங்கிவிட்டது. நாலு விருந்தாளிகள். இரவல் கார், விடியுமுன் நண்டு, இடுப்பு. அவரை அதிலிருந்து காப்பாற்ற அவளுக்கு வேறு வழி தெரியவில்லை. ஒரு தரம் சொல்லிவிட்ட பொய்யை ஒவ்வொரு பயணத்திலும் கூட்டிக்கொண்டு வரவேண்டியதாகிவிட்டது. கோபப்படலாமா என்று பார்த்தார், வரவில்லை. அவள் இடத்தில் இருந்திருந்தால் அவரும் இதைத்தான் சொல்லியிருப்பார். இன்னும் கொஞ்சம் நம்பும்படியாகச் சொல்லியிருப்பார். வடக்கே எந்த ஊர் என்று யாராவது கேட்டால் என்ன செய்வாள்?

பிம் போனை நீட்டினாள். நாலு பேரும் சேர்ந்த மாதிரி ஒரு படம், அங்கிள் எடுத்துத் தரமுடியுமா?

எடுத்தார். ஐஸ் வாள் பிடித்த கை, ஆடவில்லை. சின்னத் திரையில் மகள் நடுவில் நின்றாள். உள்ளே வந்ததிலிருந்து அப்போதுதான் அவரை நேராகப் பார்த்தாள், அதாவது போனை. "இன்னும் ரெண்டு எடுங்க அங்கிள், நான் கண்ணை மூடிட்டேன்," என்றாள் ஒருத்தி.

"சிரிங்கம்மா," என்றார் சங்வியன்.

மற்ற மூவரும் பல் தெரியச் சிரித்தார்கள். நிசரா உதட்டைத் திறக்காமல் சிரித்தாள். சின்ன வயசில் ஐஸ் ஆலைப் படியில் விழுந்து முன்பல் உடைந்ததிலிருந்து அவளுக்கு அப்படித்தான் சிரிப்பு வரும். பல்லை எப்போதோ சரிசெய்தாகிவிட்டது. கேட்டதற்கு மேலேயே எடுத்தார்.

போனைத் திரும்ப வாங்கிக்கொள்ள நிசராதான் முன்னால் வந்தாள். கைகூப்பினாள். அறிமுகமில்லாத பெரியவருக்கு இவ்வளவு குனியவேண்டியதில்லை. நெற்றி கட்டைவிரலில் படும் அளவுக்குக் குனிந்து, கொஞ்சம் அதிக நேரம் அப்படியே நின்றாள்.

"என்னடி இது," என்று பிம் சிரித்தாள். "அங்கிள் படம்தான் எடுத்தாரு, பிட்சு மாதிரி ஓதலையே."

அவர்கள் தாராளமாக உட்காரட்டும் என்று சங்வியன் கிளம்பிவிட்டார். வாசலில் ஜிராபா, தெரிந்தவர்களா என்று கேட்டாள். இல்லை, பாங்காக் பெண்கள் என்றார். இன்னும் கேக் வரவில்லையே, அதற்குள் என்ன அவசரம் என்று அவள் குறைப்பட்டுக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி மாட்டினார். ஒரு வேலையும் ஓடவில்லை. வெயில் சாய்கிற நேரத்தில் போன் அடித்தது. நிசரா எப்போதும் பூனைதான் அனுப்புவாள். அழைப்பதில்லை.

"அப்பா, சாப்ட்டீங்களா?"

"சாப்ட்டேன். நீ?"

"ம்."

பின்னால் கடல் சத்தம் கேட்டது. இருவரும் அதைக் கேட்காத மாதிரி இருந்தார்கள்.

"அப்பா, நான் இங்கதான் இருக்கேன். நம்ம வீட்டைத் தாண்டி ஒரு ரிசார்ட்ல ரூம் போட்டிருக்கோம்." கொஞ்சம் நிறுத்தினாள். "அவங்களை அங்க விட்டுட்டு, நான் மட்டும் வீட்டுக்கு வரட்டுமா? ராத்திரிக்குத் தங்கறேன்."

ஒரு வருஷமாக ஊரிலுள்ள கண்ணாடி, சிமெண்டு, ஊஞ்சல் எல்லாவற்றிலும் உட்கார்ந்து அவர் காத்திருந்தது இதற்குத்தான். நினைத்ததைவிட அதிகமாகவே கிடைத்திருந்தது. தங்குகிறேன் என்கிறாள். வா என்று ஒரு சொல் போதும். ஆனால் சங்வியனின் வாய் அறுபது வருஷமாக அவரைக் கேட்காமலே மரியாதையாக நடந்து பழகியது.

"எதுக்கும்மா சிரமம். பாதை வேற தோண்டிப் போட்டிருக்கான். கூட வந்தவங்களை விட்டுட்டு நீ மட்டும் வந்தா அவங்க என்ன நெனைப்பாங்க? நல்லா ஓய்வெடுத்துக்க."

அந்தப் பக்கத்தில் முதல் தடவை மறுப்பதை யாரும் மறுப்பாகவே எடுத்துக்கொள்வதில்லை. சாப்பிட வா என்றால் வேண்டாம் என்பார்கள், இன்னொரு தரம் கூப்பிட்டால் கொஞ்சம் யோசிப்பார்கள், மூன்றாம் தரம் தட்டின்முன் உட்கார்ந்திருப்பார்கள். சங்வியனும் அந்த இரண்டாவது தடவைக்காகக் காதில் போனை அழுத்திக்கொண்டு நின்றார். ஆனால் நிசராவை வளர்த்தவர் அவர். ஒருவர் வேண்டாம் என்ற பிறகு மறுபடி கேட்பது அவரை நெருக்குவதாகும் என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவரும் அவர்தான்.

"சரிப்பா," என்றாள்.

"சரிம்மா."

போனை யாரும் வைக்கவில்லை. மற்றவர் பேச ஏதாவது மிச்சம் இருந்தால் அதை வெட்டியது போலாகுமே என்று இருவரும் காத்திருந்தார்கள். வெகுநேரம் கடல் சத்தம் மட்டும் வந்தது. பிறகு அதுவும் நின்றது. வைத்தது அவளா, கன்னம் பட்டு இவர் போன்தான் துண்டித்துக்கொண்டதா என்பது அவருக்குத் தெரியவில்லை. திருப்பி அழைத்துக் கேட்கலாம். கேட்டால், வைத்ததற்கு அவளைக் குறை சொல்வதாக ஆகிவிடும்.

போனில் கேட்டது பாறையில் மோதுகிற அலை, அவர்கள் இன்னும் ஜிராபாவின் கடையில்தான் இருந்தார்கள். பாறைமுனைக் கடையிலிருந்து ரிசார்ட்டுக்குப் போக இவர் வீட்டு வாசல்வழி ரோட்டைத் தவிர வேறு ரோடு கிடையாது. அந்த வெள்ளைக் கார் இன்னும் கொஞ்ச நேரத்தில் இப்படிப் போயாகவேண்டும். சங்வியன் வாசலில் வந்து நின்றார். பிறகுதான் யோசனை வந்தது. காரில் பிம் இருப்பாள். காபிக்கடை அங்கிள் இந்த வாசலில் நிற்பதைப் பார்த்தால் கையசைப்பாள், நிறுத்தச் சொன்னாலும் சொல்வாள். சாப்பாட்டு ராமி. நிசராவுக்கு எவ்வளவு சங்கடம்.

வாசல் நாற்காலியை உள்ளே கொண்டுபோனார். கொடியில் காய்ந்த துணிகளை எடுத்தார். ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு போய்க் கொல்லைப்புறம் நிறுத்தினார். ஜன்னல்களைச் சாத்தினார். விளக்குப் போடவில்லை. வேலை சுத்தமாக இருந்தது. ரோட்டிலிருந்து பார்த்தால் அந்த வீட்டில் ஆள் குடியிருக்கிறது என்று சொல்லமுடியாது.

உள்ளே கட்டில் விளிம்பில் உட்கார்ந்துகொண்டார். வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. ஒன்று மட்டும் வாசலுக்கு நேரே வந்ததும் வேகம் குறைந்தது. அந்த இடத்தில் பள்ளமும் இல்லை, வேகத்தடையும் இல்லை. எஞ்சின் ஒரே இடத்தில் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு கதவு திறக்கும் சத்தம் வருமா என்று சங்வியன் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார். எழுந்து போய்த் தன் கதவைத் திறக்கலாம்தான். திறந்தால், இறங்கி வந்தே தீரவேண்டும் என்று அவளுக்கு ஆகிவிடும். அவளாக வந்தால் வரட்டும், வற்புறுத்தியதாக இருக்கக்கூடாது என்று அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

எஞ்சின் சத்தம் மறுபடி நகர்ந்து, ரிசார்ட் பக்கமாகப் போய்த் தேய்ந்தது.